கூர்முனை ஷூ: சங்கிலிக் கதையை விடுங்கள், மண்ணில் கிடைத்த ஷூவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் இடைக்கால ஐரோப்பாவின் விநோத உடைகள் என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். அதில் கூர்முனை ஷூ பற்றிய பத்தியைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். முனை இரண்டடி நீளம், நடக்க முடியாமல் வெள்ளிச் சங்கிலியால் முழங்காலோடு கட்டிக்கொண்டார்கள், பிரபுவுக்கு இத்தனை அங்குலம் சாமானியனுக்கு இத்தனை அங்குலம் என்று மூன்றாம் எட்வர்ட் அரசர் சட்டம் போட்டார், இன்றைய செக் நாட்டுப் பகுதியான பொஹீமியாவிலிருந்து மருமகளாக வந்த ராணி இந்த மோகத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தாள் என்று நாலு தகவல் எழுதியிருந்தது. நாலுமே இணையத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி எழுதிப் பரவியவை. ஒன்றாவது சரிதானா என்று யாராவது பார்த்திருக்கலாம்.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பேட்டர்ன், அதாவது தோலை வெட்டுவதற்கான மாதிரி வடிவம், வெட்டுகிறவன். எங்கள் கையால் போகிற ஷூவில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத்தான் போகிறது, அதனால் அந்த ஊர் ஷூவின் பழைய கதையைத் தேடிப் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பைத்தியக்காரப் பணக்காரர்கள் போட்ட கோமாளி ஷூ என்ற அளவில் உங்கள் கட்டுரை முடித்துவிட்டதுதான் எனக்கு ஆற்றவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் லண்டனிலும் பாரிஸிலும் ஊரோடு சேர்ந்து போட்ட ஷூ அது. அதைத் தைத்தவர்கள் கைத்தொழில் தெரிந்தவர்கள்.

முதலில் நீளத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் இந்த ஷூவைப் பற்றிக் கிடைக்கிற பழைய எழுத்துகளில் ஒன்று 1362 வாக்கில் மாம்ஸ்பரி மடத்துத் துறவி ஒருவர் லத்தீனில் எழுதிய வரலாறு. அந்தக் காலத்து இளைஞர்களின் உடையை அவர் வரிக்கு வரி திட்டுகிறார். இந்த ஷூவைக் 'கிராகோ' என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டு, மனிதருக்கு அணிகலன் என்பதைவிடப் பேயின் நகம் என்றே சொல்லலாம் என்கிறார். இவ்வளவு கோபப்படுகிற மனிதர் முனைக்கு என்ன நீளம் சொல்கிறார் தெரியுமா? ஒரு விரல் நீளம். அவ்வளவுதான்! கூட்டிச் சொல்ல எல்லாக் காரணமும் இருந்த ஆளே ஒரு விரல் என்கிறபோது இரண்டடிக் கணக்கு எங்கிருந்து வந்தது?

அதே எழுத்து இன்னொரு கதையையும் உடைத்துவிடுகிறது. பொஹீமியாவின் ஆன் இரண்டாம் ரிச்சர்டை மணந்தது 1382-இல். துறவி திட்டியது அதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்னால். ராணி வந்து இறங்கும்போது லண்டன் தெருவில் இந்த ஷூ பழசாகிக்கூட இருந்திருக்கும். ஊரின் மோகத்துக்கெல்லாம் வெளியிலிருந்து வந்த ஒரு பெண்ணைக் காரணம் காட்டுவது எல்லா நாட்டிலும் இருக்கிற பழக்கம், அதை நம் பத்திரிகையும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. ஷூவின் பெயரில் போலந்தின் கிராகோ நகரமும், பிரெஞ்சுப் பெயரான 'பூலேன்' என்பதில் போலந்தும் இருக்கின்றன, அது உண்மை. ஆனால் பெயர் வந்த ஊரும் ராணியும் வேறு வேறு விஷயம்.

அடுத்து சங்கிலி. இதைத்தான் எல்லோரும் ரசிக்கிறார்கள், படமும் போடுகிறார்கள். பட்டு நாடாவாலோ வெள்ளிச் சங்கிலியாலோ முனையை முழங்காலோடு கட்டினார்கள் என்பதைப் பரப்பியதில் பெரிய பங்கு ஜான் ஸ்டோவுக்கு. அவர் லண்டன் நகரைப் பற்றி எழுதிய புத்தகம் 1598-இல் வந்தது. ராணி ஆனின் காலத்துக்கு 200 வருஷத்துக்கு மேல் கழித்து! அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை, காதில் விழுந்த பழங்கதையை எழுதிவைத்திருக்கிறார். ஆனால் லண்டன் மண்ணைத் தோண்டி எடுத்த ஷூக்களில் சங்கிலி மாட்டிய தடம் காணவில்லை. தொழில்காரனாக நானும் ஒன்று சொல்கிறேன். மெல்லிய தோல் முனையில் சங்கிலியை மாட்டி மேலே இழுத்தால், ஒவ்வொரு அடிக்கும் அந்த இழுப்பு முன்பக்கத் தையலில்தான் விழும், சில நாளிலேயே தையல் பிளந்துவிடும். அப்படி ஒன்றைத் தைத்துக் கொடுத்துவிட்டு எந்தத் தொழிலாளி கடை நடத்த முடியும்?

சட்டத்துக்கு வருகிறேன். இதில் கட்டுரையாளர் கொஞ்சம் தேடியிருந்தால் சங்கிலியைவிட நல்ல சரக்கு கிடைத்திருக்கும். மூன்றாம் எட்வர்ட் காலத்தில் 1363-இல் உடைச் சட்டம் ஒன்று வந்தது நிஜம். அதில் யார் என்ன விலைத் துணி உடுத்தலாம், யாருக்கு எந்த மென்மயிர்த் தோல், யாருக்குத் தங்கம் வெள்ளி என்றெல்லாம் இருக்கிறது, ஏர் உழுகிறவர் 12 பென்ஸ் விலையுள்ள முரட்டுக் கம்பளித் துணிதான் போடலாம் என்றுகூட இருக்கிறது. ஷூ முனைக்கு அங்குலக் கணக்கு மட்டும் அதில் கிடையாது. அந்தச் சட்டமே சீக்கிரத்தில் ரத்தாகிவிட்டது.

முனையை அளந்து சட்டம் போட்டவர் நான்காம் எட்வர்ட். 1463-இல் அவர் காலத்து நாடாளுமன்றம் போட்ட சட்டப்படி, லார்டு என்ற நிலைக்குக் கீழே இருக்கிற யாரும், நைட் பட்டம் பெற்றவராகவே இருந்தாலும், இரண்டு அங்குலத்துக்கு மேல் முனை நீண்ட ஷூவோ பூட்ஸோ போடக்கூடாது. போட்டால் அபராதம் 3 ஷில்லிங் 4 பென்ஸ் (ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆக 40 பென்ஸ்). ஒரு நல்ல தச்சருக்கு அப்போது நாளுக்கு 6 பென்ஸ் கூலி என்பதால் இது அவருடைய ஒரு வாரச் சம்பாத்தியத்துக்கு மேல். அதே சட்டத்தில், நின்றால் பின்புறத்தை மறைக்காத அளவுக்குக் குட்டையான மேலாடையும் லார்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தடை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் விளங்கும். லார்டு போட்டால் தப்பில்லை, மற்றவன் போட்டால் தப்பு. அந்தஸ்து தெரியாமல் போய்விடுகிறதே என்பதுதான் அவர்கள் கவலை. ஊரில் காசு புழங்க ஆரம்பித்து, வியாபாரியும் தொழிலாளியும் பிரபு மாதிரியே காலில் போட்டுக்கொண்டு எதிரே வந்தபோது யாருக்கு வலித்திருக்கும் என்று பாருங்கள்.

1465-இல் சட்டம் தைப்பவர்கள் பக்கம் திரும்பியது. லண்டனிலும் அதைச் சுற்றி மூன்று மைலுக்குள்ளும் யாரும் இரண்டு அங்குலத்துக்கு மேல் முனை வைத்துத் தைக்கவே கூடாது, மீறினால் 20 ஷில்லிங் அபராதம். போடுகிறவனுக்கு விதித்ததுபோல் ஆறு மடங்கு! இதைப் படிக்கும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கேட்டுத் தைக்கச் சொன்னவனுக்குச் சின்ன அபராதம், வயிற்றுப் பாட்டுக்குத் தைத்தவனுக்குப் பெரிய அபராதம். போப்பாண்டவரின் கண்டனமும் சேர்ந்துகொண்டது. அந்த வருஷங்களில் லண்டன்வாசி ஒருவர் எழுதிவைத்த குறிப்பில் அருமையான ஒரு வரி வருகிறது. போப் சபித்தால் ஒரு ஈகூடச் சாகாது, நாங்கள் நீள முனைதான் போடுவோம் என்று சிலர் சொன்னார்களாம். பாரிஸில் இதற்கெல்லாம் முன்பே, 1368-இல், பிரான்ஸ் அரசர் ஐந்தாம் சார்லஸ் இந்த ஷூவைத் தடை செய்திருந்தார். அங்கே தடை வந்து கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து லண்டனில் மறுபடி தடை என்றால், மக்கள் யார் பேச்சையும் கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்.

சரி, இப்போது ஷூவையே பார்ப்போம். 1972-இல் லண்டனில் தேம்ஸ் கரையில் பேனார்ட்ஸ் காசில் என்ற இடத்தில் தோண்டியபோது, 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் குப்பை கொட்டி மூடிய ஒரு படகுத்துறை அகப்பட்டது, அந்தக் குப்பைக்குள் ஏராளமான ஷூக்கள். நதியோரச் சேற்றில் காற்றுப் புகாமல் கிடந்ததால் தோல் அழியவில்லை. மரப்பட்டையில் பதனிட்ட தோலுக்கு அந்தக் குணம் உண்டு. அங்கே ஓக் பட்டை, நம் பக்கத்தில் குரோம் உப்பில் பதனிடுவது வருவதற்கு முன்னால் ஆவாரம்பட்டை, வேலை ஒன்றுதான். ஆனால் தைத்த நார் நூல் மக்கிப்போய்விட்டது, தோலில் ஊசி போன துளைகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. அந்தத் துளைகளின் இடைவெளியைப் பார்த்தே எவ்வளவு நெருக்கமாகத் தைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். அந்தப் படங்களைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் நான் முனையை விட்டுவிட்டுத் துளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஷூவைத் தைத்த முறையைச் சொன்னால் உங்கள் வாசகர்களுக்கு அதன் அருமை புரியும். இன்றைக்குப் போல இன்சோல், மிட்சோல், ஹீல் எதுவும் கிடையாது, ஒரே ஒரு தோல் சோல். அப்பர் என்கிற மேல்பாகத் தோலும் பெரும்பாலும் ஒரே துண்டு, காலைச் சுற்றிக் கொண்டுவந்து உள்பக்கமாக ஒரு தையல், எட்டாத இடத்தில் முக்கோணமாகச் சின்ன ஒட்டுத்துண்டு. அப்பரையும் சோலையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி வைத்துத் தைத்து, தோலை ஈரமாக்கி, தலையணை உறையைத் தைத்துப் புரட்டுவதுபோல் அப்படியே வெளியே புரட்டுவார்கள். தையல் முழுக்க உள்ளே போய்விடும், தரையில் தேயாது, தண்ணீரும் லேசில் இறங்காது. வட்டமான முனை என்றால் புரட்டுவது சுலபம். கூர்முனையை யோசித்துப் பாருங்கள். விரல் நுழையாத அந்த இடுக்கில் இரண்டு பக்கத் தையலும் சேர்ந்து நிற்கும், குச்சியை விட்டு நெம்பித் தள்ளித்தான் நுனியை வெளியே கொண்டுவர வேண்டும், கொஞ்சம் அழுத்தம் கூடினால் ஈரத்தோல் கிழிந்து அதுவரை செய்ததெல்லாம் வீண். நுனி வரை மடிப்பில்லாமல் புரட்டி எடுத்திருக்கிறார்களே, அந்தக் கை எவ்வளவு பழகியிருக்க வேண்டும்!

புரட்டிய பிறகு நுனி துவண்டு விழாமல் இருக்க உள்ளே பாசியைத் திணித்திருக்கிறார்கள், சிலவற்றில் மயிர். பேனார்ட்ஸ் காசில் ஷூக்கள் சிலவற்றில் அந்தப் பாசி 600 வருஷம் கழித்தும் அப்படியே முனைக்குள் இருந்தது. லண்டன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அந்த ஷூக்கள் இருக்கின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள். வலது இடது என்று தனித்தனியாக வெட்டிய சோல்கள் அவை. பிற்பாடு 1600-ஐ ஒட்டி ஹீல் வந்தபோதுதான் ஐரோப்பாவில் இரண்டு காலுக்கும் ஒரே நேரான அச்சு (ஷூவுக்கு வடிவம் தரும் கால் மாதிரிக் கட்டை) என்ற வழக்கம் வந்தது. பாதத்தின் உள்வளைவுக்குத் தக்கபடி சோலின் நடுவைக் குறுக்கி வெட்டத் தெரிந்தவர்களைத்தான் கோமாளி ஷூ தைத்தவர்கள் என்று போகிற போக்கில் எழுதுகிறோம்.

தேய்ந்த சோலைத் தூக்கிப் போட்டுவிடவும் இல்லை. முன்பாதத்துக்கு ஒரு துண்டு, குதிகாலுக்கு ஒரு துண்டு என்று ஒட்டுப்போட்டுத் தைத்த ஷூக்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. புதுத்தோலில் புது ஷூ தைப்பவர்கள் ஒரு சங்கம், பழசைத் தைத்துக் கொடுப்பவர்கள் வேறு கூட்டம், ஒருவர் வேலையில் மற்றவர் கைவைக்கக்கூடாது என்று லண்டனில் இவர்களுக்குள் சண்டையே நடந்திருக்கிறது. ஒட்டுப்போட்டுப் போடுகிறவன் பிரபு இல்லையே! உழைத்துச் சாப்பிட்டவன்தான் அந்த ஷூவையும் போட்டிருக்கிறான்.

சேற்றில் இந்த முனையை வைத்துக்கொண்டு எப்படி நடந்தார்கள் என்று கட்டுரையில் கேலியாகக் கேட்டிருந்தது. அதற்கும் பதில் இருக்கிறது. வெளியே கிளம்பும்போது ஷூவுக்கு அடியில் மரத்தில் செய்த இன்னொரு மிதியடியை மாட்டிக்கொள்வார்கள், அதிலும் ஷூவின் அளவுக்கு முனை நீட்டி வைத்திருப்பார்கள், மேலே ஒரு தோல் பட்டை. வீட்டுக்குள் வந்தால் கழற்றிவிட வேண்டியதுதான். ஜான் வான் ஐக் 1434-இல் வரைந்த ஆர்னோல்ஃபினி தம்பதி ஓவியத்தை இணையத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். அசல் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. இடது கீழ் மூலையில் ஒரு ஜோடி மர மிதியடி கழற்றிப் போட்டிருக்கும், முனை நீண்டது, பட்டையோடு, ஓரத்தில் தெருச்சேறு ஒட்டியிருப்பதைக்கூட ஓவியர் விடவில்லை. அந்த ஓவியத்தில் கண்ணாடியைப் பற்றியும் நாயைப் பற்றியும்தான் ஊரே எழுதுகிறது, எனக்கு அந்த மிதியடிதான் முதலில் கண்ணில் படுகிறது.

நீளமான முனையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்தில் கோமகன்கள் ஆண்ட பர்கண்டியின் அரசவையில், முக்கியமாக 1440-களிலிருந்து 1470-கள் வரை வரைந்த கையெழுத்துப் பிரதி ஓவியங்களில், நிஜமாகவே நீண்டுபோன முனைகள் இருக்கின்றன. பர்கண்டியின் பிலிப் கோமகன் தலை முதல் கால் வரை கறுப்பில், கூர்முனை ஷூவோடும் மர மிதியடியோடும் நின்று ஒரு புத்தகத்தைப் பெற்றுக்கொள்கிற ஓவியம் பிரசித்தம். அரசவையில் நிற்கவும் நடனம் ஆடவும் போடுகிற ஷூ ஒரு ரகம், தேம்ஸ் கரையில் மூட்டை இறக்குகிற ஊரில் போடுகிற ஷூ வேறு ரகம். நம் ஊரில் கல்யாண மேடையில் மாப்பிள்ளை போட்டிருப்பதைப் பார்த்து ஊர் முழுக்கத் தினமும் அதைத்தான் போடுகிறது என்று யாராவது எழுதினால் ஒத்துக்கொள்வோமா?

ஒரு விஷயத்தில் மட்டும் அந்த ஷூவை நான் தாங்கிப் பேச மாட்டேன். கால்களை அது கெடுத்தது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஜென்னா டிட்மார், பியர்ஸ் மிட்செல் முதலானோர் அந்த ஊர்ப் பழைய இடுகாடுகளில் எடுத்த 177 பேரின் எலும்புகளை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார்கள். பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்து, அதன் அடிமூட்டு வெளியே புடைத்துக்கொள்கிற கோளாறு எத்தனை பேருக்கு இருந்தது என்று பார்த்தார்கள். 11-லிருந்து 13-ஆம் நூற்றாண்டு வரை இறந்தவர்களில் 6 சதவீதம், 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் இறந்தவர்களில் 27 சதவீதம். கூர்முனை ஊரெங்கும் பரவிய காலமும் இதுவும் ஒத்துப்போகிறது. கிராமத்து இடுகாட்டில் வெறும் 3 சதவீதம், ஊருக்குள் ஏழை உழைப்பாளிகளைப் புதைத்த இடத்தில் 10, தர்ம மருத்துவமனை இடுகாட்டில் 23, அகஸ்டீனிய மடத்து இடுகாட்டில் 43!

அந்த மடத்துக் கணக்கைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அங்கே புதைத்தவர்களில் பணம் படைத்த ஊர்க்காரர்களும் உண்டு, துறவிகளும் உண்டு. இடுப்புப் பட்டையின் கொக்கியோடு புதைத்திருந்ததால் யார் துறவி என்று அடையாளம் தெரிந்திருக்கிறது. துறவிகளின் கால்களும் அதே கதைதான். இத்தனைக்கும் 1215-லேயே ரோமில் கூடிய திருச்சபைப் பேரவையான நான்காம் லேட்டரன் சபை மதகுருமார்கள் பூவேலை செய்த ஷூவும் கூர்முனை ஷூவும் போடக்கூடாது என்று விதித்துவிட்டது, பிறகும் அந்தத் தடையை மறுபடி மறுபடி சொல்லவேண்டி வந்தது. இன்னொரு தகவல் இன்னும் வருத்தமானது. இந்தக் கோளாறு இருந்தவர்களில் 45 வயதைத் தாண்டி இறந்தவர்களுக்கு, கீழே விழுந்து கையை ஊன்றினால் ஏற்படுகிற மாதிரி எலும்பு முறிவுகளும் அதிகம். பெருவிரல் கோணினால் கால் தடுமாறும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வயதான காலத்தில் அந்த மனிதர்கள் எத்தனை முறை விழுந்து எழுந்திருப்பார்களோ.

கட்டுரையாளர் இங்கேயும் முனையின் நீளத்தைத்தான் குற்றம் சொல்லியிருப்பார், ஆனால் கெடுதல் நீளத்தில் இல்லை. ஒரு பேட்டர்னைப் பார்த்தால் எங்களுக்கு முதல் பார்வையிலேயே தெரிகிற விஷயம், ஷூ எந்த இடத்தில் குறுக ஆரம்பிக்கிறது என்பது. விரல்கள் முடிந்த பிறகு குறுக ஆரம்பித்தால் முனை ஒரு சாண் நீண்டாலும் காலுக்கு ஒன்றும் ஆகாது, நீட்டிக்கொண்டிருப்பது வெறும் தோலும் பாசியும்தானே. விரல்கள் ஆரம்பிக்கிற மூட்டிலிருந்தே குறுக ஆரம்பித்தால், முனை அரை அங்குலம்கூட நீளாவிட்டாலும் பெருவிரலை உள்ளே தள்ளிக்கொண்டேதான் இருக்கும், வருஷக்கணக்கில். இடைக்கால ஷூக்களில் நிறைய இந்த இரண்டாவது ரகம், நல்ல நீளம் இருந்தும் விரல் இருக்கிற இடத்திலேயே இறுக்கம். நீளத்தை அளந்து இரண்டு அங்குலம் என்று சட்டம் போட்டவர்கள் அகலத்தை அளக்கவே இல்லை, கால் வலியைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

இது பழங்கதை இல்லை என்பதால்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன். 1950-களின் கடைசியிலும் 60-களிலும் இங்கிலாந்து இளைஞர்களிடம் கூர்முனை மறுபடி வந்தது, அதற்கப்புறம் ஏதாவது ஒரு உருவத்தில் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆபீஸுக்கு என்று விற்கிற ஆண்களின் ஃபார்மல் ஷூவிலும், பெண்களின் ஹீல்ஸிலும் விரல் மூட்டிலேயே குறுகுகிற அச்சைத் தினம் பார்க்கிறேன். பெண்களுக்கு ஹீல் வேறு சேர்ந்து முழு எடையும் முன்பாதத்தில் இறங்கிவிடுகிறது. இடைக்காலத்துக்காரனுக்காவது ஹீல் கிடையாது, பாதம் முழுக்கத் தரையில் படிந்தது. அகலமான அச்சு வைத்தால் விற்காது என்று வாங்குகிறவர்கள் சொல்கிறார்கள், அச்சைத் தீர்மானிப்பது தைக்கிற நாங்கள் இல்லை.

செம்பாக் போரையும் சொல்லிவிடுகிறேன், அது கட்டுரையில் இல்லாதது எனக்கு ஆச்சரியம். 1386 ஜூலை 9 அன்று ஆஸ்திரியாவின் மூன்றாம் லியோபோல்ட் கோமகனின் வீரர்கள் குதிரையிலிருந்து இறங்கி சுவிஸ் படைகளோடு தரையில் நின்று சண்டை போட வேண்டிவந்தது. இறங்கியதும் ஷூ முனைகளை வெட்டி எறிந்தார்கள் என்று பழைய சுவிஸ் வரலாறுகள் சொல்கின்றன, 1513-இல் முடிந்த லூசர்ன் வரலாற்று நூலின் ஓவியத்திலும் அந்தக் காட்சி வருகிறது. அந்தப் போரில் கோமகனே உயிரிழந்தார். குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு முனை தொந்தரவு இல்லை, தரையில் ஓடுகிறவனுக்குத் தொந்தரவு. இதிலும் பார்க்க வேண்டியது அந்த ஷூ எந்த உபயோகத்துக்காகத் தைத்தது என்பதைத்தான்.

கடைசியில் அதை ஒழித்ததும் சட்டம் இல்லை. 1480, 90-களில் முனை தானாகவே குட்டையாகி, 1500 வாக்கில் வாத்து அலகு மாதிரி பரந்த முனை வந்துவிட்டது. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியின் படங்களில் காலைப் பாருங்கள், எவ்வளவு அகலம்! பிரான்ஸின் எட்டாம் சார்லஸுக்கு ஒரு காலில் ஆறு விரல், அதனால்தான் அகல ஷூ வந்தது என்று ஒரு கதை உண்டு. அதற்கு நானூறு வருஷம் முன்னாலேயே பிரான்ஸின் ஆஞ்சு பகுதியை ஆண்ட பிரபு ஃபுல்க் தன் காலில் இருந்த புடைப்பை மறைக்கத்தான் கூர்முனையைக் கொண்டுவந்தார் என்று ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி எழுதியிருக்கிறார். இங்கிலாந்து அரசர் வில்லியம் ரூஃபஸின் அரசவையில் ராபர்ட் என்ற ஒருவன் முனையில் சணல் கழிவைத் திணித்து ஆட்டுக்கிடா கொம்பாகச் சுருட்டிவிட்டான் என்பதும் அவர் சொல்வதுதான். முனை கூர்மையாவதற்கு ஒரு பிரபு கால், அகலமாவதற்கு ஒரு அரசன் கால்! வெட்டித் தைத்தவன் மட்டும் எந்தக் கதையிலும் வருவதில்லை.

ஆசிரியரிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஞாயிறு இணைப்பில் கால் பக்கமாவது ஒதுக்கி, சங்கிலி பற்றியும் மூன்றாம் எட்வர்ட் சட்டம் பற்றியும் திருத்தம் போடுங்கள், பள்ளிப் பிள்ளைகள் உங்கள் இணைப்பை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கிறார்கள். கற்பனையாக வரைந்த அந்தச் சங்கிலிப் படத்துக்குப் பதிலாக, பேனார்ட்ஸ் காசிலில் எடுத்த ஷூவின் புகைப்படத்தை உரிய அனுமதி வாங்கிப் போட முடிந்தால், தையல் துளைகள் தெரிகிற அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள். எலும்பு மருத்துவர் ஒருவரிடம் விரல் கோணுவது பற்றி நாலு வரி கேட்டுச் சேர்த்தால் இன்னும் நல்லது. ஷூ வாங்கும்போது எந்த இடத்தில் குறுகுகிறது என்று எப்படிப் பார்ப்பது என்பதைப் படத்தோடு நானே எழுதித் தருகிறேன், இங்கே எங்கள் பிரிவில் விளக்கிச் சொல்லவும் ஆள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
ஆம்பூர்.